எங்க ஊர்ல இப்படியா?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம், படப்பை என்று விரிந்து கிடக்கும் ஆலை வட்டாரத்தில் என்னென்ன உற்பத்தியாகின்றன என்று கேட்டால் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் என்று சிப்காட் பட்டியல் கொடுக்கும். அந்தப் பட்டியலில் ஏறாத சரக்கு ஒன்று உண்டு. மூன்று ஷிப்டிலும் தயாராவது. ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லாதது. கரண்ட் போனால் மற்ற உற்பத்தி நிற்கும், இது மட்டும் இரட்டிப்பாகும். “எங்க ஊர்ல இப்படியா?” என்ற புலம்பல்தான் அது. அதைத் தயாரிக்கிறவருக்கு எங்கூர்க்காரர் என்று பெயர் வைப்போம். அவருக்கென்று தனி மொழியோ சம்பளமோ பதவியோ கிடையாது. தேனியிலிருந்து டிப்ளமோ சான்றிதழோடு வந்த டிரெய்னியாக இருக்கலாம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிச் செல்போன் பூட்டும் பெண்ணாக இருக்கலாம். பீகாரிலிருந்து காண்ட்ராக்டில் வந்த வெல்டராகவோ, புனேயிலிருந்து மாற்றலாகி வந்த மேலாளராகவோ, கொரியாவின் உல்சானிலிருந்து குடும்பத்தோடு வந்த பொறியாளராகவோ இருக்கலாம். ஊர் மாறி வந்தார், இன்னும் ஒட்டவில்லை, அதனால் குறை சொல்கிறார் என்று எல்லோரும் அவரைப் பற்றி முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தலைகீழானது. மனிதர் குறை சொல்லிச் சொல்லித்தான் ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். டீக்கடையில் கிளாஸை வாங்கியதும் குடிக்கமாட்டார். முதலில் அதை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் அவருடைய ஊர் பஸ் ஸ்டாண்டும், அங்கே டீ ஆற்றும் அண்ணாச்சியும் வந்துபோவார்கள். பரோட்டா இலையில் விழுந்தால் அதன் சுற்றளவை அளப்பார், சால்னாவை விரலால் தொட்டு நாக்கில் வைத்து, “இதுக்குப் பேரு சால்னாவா?” என்பார். நாலு பரோட்டா உள்ளே போன பிறகுதான் இந்தத் தீர்ப்பு வரும் என்பது வேறு விஷயம். சீப்பில் நாலு முடி நின்றால் குற்றவாளி உடனே பிடிபட்டுவிடும்: “இந்த ஊர்த் தண்ணி சேரல.” அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் ஊர்த் தண்ணீரில் குளித்தே வழுக்கை விழுந்ததை யாரும் நினைவூட்டக் கூடாது. ஆடி மாதம் அம்மன் கோயில் குழாய் காலை ஏழு மணிக்குப் பாடத் தொடங்கினால், நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் படுத்தவர் எழுந்து உட்கார்ந்து, “எங்க ஊர்லயும்தான் கொடை நடக்குது, இப்படியா?” என்பார். அங்கே இதைவிடப் பெரிய குழாய்தான் கட்டுவார்கள். ஆனால் அப்போது அவர் ஷிப்டில் இல்லை, விழாக் கமிட்டியில் இருந்தார். மொத்தத்தில் அவர் சொல்லும் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். அங்கே கொசு கடிக்காது, கரண்ட் போகாது, பங்காளிச் சண்டை கிடையாது. வேலையும் கிடையாது, அதனால்தான் கிளம்பி வந்தார். தன் ஊரின் இந்த ஒரு குறையை மட்டும் அவர் சொல்வதே இல்லை.

இதற்காக அவருடைய புலம்பலை முழுப்பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. வானிலையைப் பொறுத்தவரை அவர் பக்கம் சாட்சி பலமாக இருக்கிறது. மதுரையிலும் தேனியிலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் காற்று காய்ந்திருக்கும் இடத்தில் வியர்வை ஆவியாகி உடம்புச் சூட்டையும் கூடவே எடுத்துப் போய்விடும். இங்கே காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை போக இடமில்லாமல் சட்டையிலேயே குடித்தனம் நடத்தும். கடற்காற்று வந்தால் ஆறுதல்தான். அது சென்னைக் கரைக்கு முதல் மரியாதை செய்துவிட்டு இவ்வளவு தூரம் உள்ளே வந்து சேரச் சாயங்காலமாகிவிடும். சில நாள் வழியிலேயே களைத்துவிடும். மழைக் கணக்கு இன்னும் வினோதமானது. ஜூனில் தென்காசிக்காரருக்குக் குற்றாலத்தில் சாரல் விழுகிறது. அதே மாதத்தில் பீகாரிலும் ஒடிசாவிலும் வயல் நனைகிறது. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை கொரியாவிலும் அடைமழைக் காலம். இத்தனை ஊரும் நனையும்போது ஒரகடத்தில் எப்போதாவது சாயங்காலம் இடியோடு ஒரு மழை வந்தால் உண்டு. அவர்களில் பலருடைய சொந்த ஊரில் குடையை மடித்துப் பரணில் போட்ட பிறகு, அக்டோபரில் இந்த ஊர் மழையைத் தொடங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் போலவோ 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலைப் போலவோ ஆர்ப்பாட்டமாக முடிக்கவும் செய்யும். கொரியாவில் நவம்பர்க் குளிரில் குடும்பம் கூடி உட்கார்ந்து ஆண்டுக்கான கிம்ச்சி போடுவார்கள். அந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இங்கே அதே நவம்பரில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது கனமழை எச்சரிக்கையும், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறையா இல்லையா என்ற கவலையும்.

இவ்வளவு நியாயம் இருந்தும், உடலியல் அவருக்கு எதிராக ஒரு சாட்சி சொல்கிறது. புது வெயிலில் தினமும் நின்று உழைக்கும் உடம்பு ஏறக்குறைய 7 முதல் 14 நாளில் அதற்குப் பழகிக்கொள்கிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை முன்னைவிடச் சீக்கிரமே சுரக்கிறது. அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. அதே வேலைக்கு இதயம் அடித்துக்கொள்ளும் வேகமும் தணிகிறது. ஆக உடம்பின் வழக்கு இரண்டு வாரத்தில் சமரசமாகிவிடுகிறது. வாயின் வழக்கு மட்டும் இருபது வருடம் வாய்தா வாங்குகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சாண்ட்ரோ வெளியே வந்த காலத்தில் வந்து, கல்யாணம் முடித்து, மனை வாங்கி வீடு கட்டி, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டவரும், மே மாதம் கத்திரி தொடங்கினால் “என்னதான் சொல்லுங்க, இந்த ஊரு வெயில் நமக்கு ஒத்துக்காது” என்கிறார். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வெயிலில் நிற்காத உடம்பு வெயிலுக்குப் பழகுவதில்லை. ஏசி அறையிலிருந்து ஏசி காருக்கும், ஏசி காரிலிருந்து ஏசி அலுவலகத்துக்கும் மாறுகிறவர் பத்து வருடம் இருந்தாலும் உடம்பளவில் நேற்று வந்தவர்தான். அதனால் வெயிலைப் பற்றி நீளமாகப் பேசுகிறவர்களில் பலர் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர்கள். லாரியில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர் நெற்றியைத் துண்டால் துடைத்துவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கப் போய்விடுகிறார். புலம்பலின் அளவுக்கும் வெயிலின் அளவுக்கும் தொடர்பு இல்லை என்று ஆனால், அது வேறு எதற்காகவோ நடக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

அந்த ‘வேறு எதற்காகவோ’ என்ன என்பது கம்பெனி பஸ்ஸில் தெரிந்துவிடும். சொந்தபந்தம் இல்லாத ஊரில் பக்கத்து சீட்டுக்காரரிடம் எதை வைத்துப் பேச்சைத் தொடங்குவது? சம்பளத்தைக் கேட்டால் முகம் சுருங்கும். அரசியலை எடுத்தால் ஸ்டாப் வருவதற்குள் சண்டை வரும். ஒன்றும் பேசாமல் வந்தால் திமிர் பிடித்தவன் என்ற பெயர் வரும். யாருக்கும் நஷ்டமில்லாமல் குறை சொல்லத் தோதானவை வெயில், தண்ணீர், சாம்பார் ஆகிய மூன்றுதான். “என்ன தம்பி, காலையிலயே இப்படி வேர்க்குது?” என்று ஒருவர் தொடங்குவார். “எங்க ஊர்லலாம் இப்படி இல்லண்ணே” என்பார் மற்றவர். “எந்த ஊரு?” “சங்கரன்கோவில் பக்கம்.” “அட, நமக்குக் கழுகுமலைதான்!” அவ்வளவுதான். மூன்றாவது ஸ்டாப்புக்குள் எந்த மெஸ்ஸில் ரசம் குடிக்கும்படி இருக்கும், எந்த ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தருவார், எந்த சூப்பர்வைசரிடம் லீவ் கேட்கலாம் என்ற மூன்று பெரிய விஷயமும் கைமாறிவிடும். வெயிலைக் குறை சொன்னது வெயிலுக்காக அல்ல, “எந்த ஊரு?” என்ற ஒரு கேள்வியை எதிராளியின் வாயிலிருந்து வரவழைப்பதற்காக. எடுத்த எடுப்பில் “நான் சங்கரன்கோவில்காரன், இங்கே எனக்கு யாருமில்லை, என்னோடு பேசுங்கள்” என்று சொல்ல எந்த ஆண்பிள்ளைக்கும் வாய் வராது. அதையே “என்னா வெயில்!” என்று சொல்லிவிடலாம்.

புலம்பல் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். வந்த புதிதில் எங்கூர்க்காரரின் குறைகள் பொத்தாம்பொதுவானவை: வெயில், தண்ணி, பாஷை. ஒரு வருடம் கழிந்தால் அவற்றுக்கு முகவரி கிடைக்கிறது: சாயங்கால ஷிப்ட் விடும் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டில் லாரிகள் நிற்கும் நிலை, இன்ன மெஸ்ஸில் வியாழக்கிழமை வைக்கும் காரக்குழம்பு. மூன்றாவது வருடத்தில், “படப்பைல கொட்டுது, இங்க ஒரு பொட்டு இல்ல பாருங்க” என்று வானத்தையே ஏரியா பிரித்துக் குறை சொல்கிறார். எந்த ஏரி நிறைந்தால் எந்தச் சாலையில் தண்ணீர் ஏறும் என்று சொல்லி அந்தச் சாலையைத் திட்டுகிறார். இவ்வளவு நுணுக்கமாகக் குறை சொல்ல ஊரை அத்தனை நுணுக்கமாகத் தெரிந்திருக்க வேண்டும். பாராட்டுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. “நல்ல ஊருங்க” என்று பஸ்ஸை விட்டு இறங்காமலே சொல்லிவிடலாம். புலம்பலில் சீனியாரிட்டியும் உண்டு. 2006இல் நோக்கியா திறந்தபோது வந்தவர், 2010இல் ரெனோ-நிசானுக்காக வந்தவரின் குறைகளைக் கேட்டு, “இதுக்கே இப்படியா? நாங்க வந்தப்ப டீ குடிக்கக் கடையே கிடையாது” என்று அடக்கியிருப்பார், அவர் 2012இல் டைம்லர் லாரி ஆலைக்கு வந்தவரை அடக்கியிருப்பார். நோக்கியா ஆலை 2014இல் மூடிக்கொண்டது. அடக்கும் உரிமையை மட்டும் அந்தக் காலத்து ஆட்கள் இன்னும் கையிலேயே வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டிலும் இதே கதை. ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு முதல் வாரம் முழுக்க சாம்பாரோடு மல்லுக்கட்டு. பிறகு ஒருநாள் யாரோ ஒருவர் தூக்குச்சட்டியில் பழைய சோறு கொண்டுவருவதைப் பார்க்கிறார். அவருடைய ஊரில் கோடைக்காலம் முழுக்கச் சாப்பிடுவதும், மார்ச் 20ஆம் தேதியை அதற்கென்றே ஒதுக்கிக் கொண்டாடுவதும் இதே நீர்ச்சோறுதான்; அங்கே அதற்குப் பெயர் பக்காள. பார்த்ததும் அவர் கட்டிப்பிடித்துக் கொள்வதில்லை. “எங்க ஊர்ல தயிர் விட்டு, தாளிச்சுப் போடுவோம், இது வெறும் தண்ணி” என்கிறார். சாம்பாரில் குறை சொன்னபோது அந்நியராக இருந்தவர், பழைய சோற்றில் குறை கண்டபோது பங்காளி ஆகிவிட்டார்.

சோறு போடும் ஊரைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம், பிடிக்காவிட்டால் ஊரைப் பார்த்துப் போகட்டும் என்று ஒரு தரப்பு உண்டு. அதற்குப் பதில் சொல்ல உள்ளூர்க்காரரே போதும். அவர் பிறந்த தெருவை விட்டு ஒருநாளும் நகரவில்லை. ஊர்தான் அவரை விட்டு நகர்ந்துவிட்டது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்துக்கு மதில் சுவரும் செக்யூரிட்டியும் வந்தாயிற்று. கடைத்தெருவில் கொரிய எழுத்தில் போர்டு தொங்குகிறது. மளிகைக் கடையில் கடுகெண்ணெய் கேட்கிறார்கள். ஓனரே “பையா, கிராயா அஞ்சாம் தேதி” என்று இந்தி பேசும்படி ஆகிவிட்டது. சாயங்காலம் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “எங்க ஊரு இப்படியா இருந்துச்சு? இன்னா காத்து, இன்னா தண்ணி! இப்ப லாரி போய்க்கினே கீது” என்பார். மாடியில் பேச்சுலர்களுக்காக மூன்றாவது தளம் எழும்பிக்கொண்டிருக்கும். அதற்கு ஜல்லி கொண்டுவந்த லாரியும் அவர் திட்டும் கணக்கில்தான் வரும். வந்தவர் இடத்தால் விட்டுவந்த ஊரை, இருப்பவர் காலத்தால் விட்டுவந்திருக்கிறார். இருவரும் ஒரே வாசலில் உட்கார்ந்து இல்லாத இரண்டு ஊர்களைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். வாடகை மட்டும் இருக்கிற ஊரின் கணக்கில் வாங்கப்படுகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஆலைத் தொழிலாளியின் குறைகளை இப்படி வேடிக்கையாக்கிவிட்டால் உண்மையான கஷ்டத்தையும் ‘எங்கூர்ப் புலம்பல்’ என்று சிரித்துத் தள்ள நிர்வாகத்துக்கு வசதியாகிவிடாதா? ஆகும்; ஆகையால் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். 2021 டிசம்பரில் செல்போன் ஆலை விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றபோது, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்று யாரும் தம் ஊர்ச் சாம்பாரை நினைத்து ஏங்கவில்லை. சாப்பிடத்தக்க சோறும், படுக்கத்தக்க இடமும் கேட்டார்கள். 2024இல் ஓர் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கேட்டது வெயிலைக் குறைக்கச் சொல்லி அல்ல, சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி. கோரிக்கைக்குப் பெறுநர் உண்டு, பரிகாரம் உண்டு. அதே 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு விடுதிக் கட்டடங்கள் திறக்கப்பட்டது போன்ற பரிகாரம். எங்கூர்க்காரரின் புலம்பலுக்குப் பரிகாரம் கிடையாது, கொடுத்தால் கோபித்துக்கொள்வார். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. குறையை நிவர்த்தி செய்து பாருங்கள். வாய் மூடினால் அது கோரிக்கை. “சால்னா இன்னிக்குப் பரவால்ல, ஆனா வெங்காயம் இப்படியா வெட்டுவாங்க?” என்று அடுத்த படிக்குப் போனால் அது புலம்பல். முதலாவதைக் கேட்டுச் சிரிக்கிற நிர்வாகம் பிழை செய்கிறது. இரண்டாவதற்குக் கமிட்டி போடுகிற நிர்வாகமும் பிழைதான் செய்கிறது.

மொழி தெரிந்தவருக்குச் சரி, தெரியாதவர் யாரிடம் புலம்புவார் என்ற கேள்விக்கு முழுப் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பீகார் இளைஞர் தன் அறையிலுள்ள ஏழு பேரிடம் போஜ்புரியில் சொல்கிறார். அவர்களும் அதையே அவரிடம் சொல்கிறார்கள். குறை சுவரைத் தாண்டுவதில்லை. ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்று போர்டு தொங்கும் தெருவுக்குள் எந்தப் புலம்பலும் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. ஆனால் சுவரில் ஒரு சந்து இருக்கிறது, அது வானிலை. டீ மாஸ்டர் இந்தி வகுப்புக்குப் போனவரில்லை, ஆனாலும் “கர்மி?” என்று அவரால் கேட்க முடிகிறது. இளைஞர் சட்டைக் காலரை விரலால் தூக்கி ஊதிக் காட்டுகிறார். கொரிய மேலாளரும் அவருடைய டிரைவரும் ஆண்டுக்கணக்கில் நடத்தும் உரையாடலும் இதே அளவுதான்: “ஹாட், சார்?” “வெரி ஹாட்.” இதில் செய்தி ஒன்றுமில்லை. இரண்டு பேரும் ஒரே வெயிலில் இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள், அவ்வளவே. இலக்கணம் இல்லாமல் கற்றுக்கொள்ளக்கூடிய முதல் பாடமாக எந்த மொழியிலும் குறைகூறல்தான் இருக்கிறது.

வாயைத் திறக்காமலே ஊர் மாறிய பெரியவர்கள் இல்லையா என்று இந்த மண்ணை வைத்தே கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூரில், மரபுக் கணக்குப்படி 1017இல் பிறந்த இராமானுசர், காஞ்சியில் படித்து, திருவரங்கத்தில் வாழ்ந்து, கன்னட தேசத்து மேல்கோட்டையில் பல ஆண்டுகள் இருந்தவர். பெரும்புதூர், திருவரங்கம், மேல்கோட்டை ஆகிய மூன்று ஊரும் அவரை எங்க ஊர்க்காரர் என்று உரிமை கொண்டாடுகின்றன. பெரும்புதூரில் தானுகந்த திருமேனி, மேல்கோட்டையில் தமருகந்த திருமேனி, திருவரங்கத்தில் தானான திருமேனி என்று மூன்று இடத்திலும் அவருக்கு வடிவமும் இருக்கிறது. போன இடத்தையெல்லாம் தன் ஊராக்கிக்கொள்ளும் அந்த மனம் ஆச்சாரியர்களுக்கு வாய்ப்பது. அங்கேகூட, மேல்கோட்டையை விட்டுப் புறப்பட்டபோது பிரிவு தாங்காமல் திருமேனி கேட்டவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான் என்கிறது மரபு. ஊர் தன்னை விட்டுப் போகிறவரை நினைத்து உருகும் அளவுக்கு எங்கூர்க்காரர் எதுவும் செய்துவிடவில்லை. அவரால் ஆனது, போகும் ஒவ்வொரு ஊரிலும் விட்டுவந்த ஊரை நினைத்துக் கொஞ்சம் முனகுவது. ஒரகடத்தில் நிற்கிறவரிடம் இராமானுசரின் வைராக்கியத்தை எதிர்பார்ப்பது மனிதவளத் துறைக்கும் அழகல்ல.

கடைசிச் சாட்சி பொங்கலுக்குக் கிடைக்கும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் பையோடு நின்று, கிளாம்பாக்கம் போய்ச் சேர்ந்து, சீட்டுக்கு அடித்துப்பிடித்து ஊர் போய் இறங்கும் எங்கூர்க்காரர், மறுநாள் மதியத்துக்குள் தொடங்கிவிடுவார். “என்னம்மா, ராத்திரி ஒம்போது மணிக்கு மேல ஒரு கடை கிடையாதா இந்த ஊர்ல? எங்க ஒரகடத்துல விடிய விடிய டீ கிடைக்கும்.” ரோடு குறுகல், பஸ் தாமதம், வெயில்கூட ஏதோ வறட்டு வெயில். அம்மாவுக்கு ஒன்றும் புரியாது. பையன் அங்கே ஒட்டவில்லை என்றல்லவா போனில் இத்தனை நாள் அழுதான்? எங்க ஊர் என்ற சொல்லுக்கு அவர் வாயில் இடம் மாறிவிட்டது அவருக்கே தெரியாது. இப்போது இரண்டு ஊரையும் குறை சொல்லும் முழு உரிமை அவருக்கு வந்துவிட்டது. இரண்டு ஊரிலும் குடியுரிமை கிடைத்துவிட்டது என்பதற்கு இதைவிட உறுதியான ரேஷன் கார்டு வேறில்லை. ஆகவே ஆலைகளின் மனிதவளத் துறையினர் புதிதாக வந்தவரைப் பற்றி மதிப்பிடும்போது புலம்பும் ஆளைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. அவர் வீட்டுக்கடன் வாங்கி இங்கேயே ரிட்டயர் ஆவார். கவலைப்பட வேண்டியது, ஆறு மாதமாக எதைக் கேட்டாலும் “எல்லாம் நல்லாருக்கு சார்” என்று சிரிப்பவரைப் பற்றி. அவருக்கு இந்த ஊரில் குறை சொல்ல ஒரு ஆள்கூடக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த தெருவில் ஐநூறு ரூபாய் கூடக் கிடைத்தால் போய்விடுவார். அவரை எப்படியாவது டீக்கடைக்கு அழைத்துப்போய், “உங்க ஊர்ல டீ எப்படி இருக்கும்?” என்று கேட்டுவிட வேண்டும். கேட்கிறவர் முன்கூட்டியே அரைமணி நேர பர்மிஷன் போட்டுவிடுவது நல்லது.